முழு அனுமதியா, சான்றிதழா, கேட்காமலே கட்டுவதா: இங்கிலாந்தில் வீட்டை நீட்டிக் கட்டுவோருக்கு

இங்கிலாந்தில் வீட்டின் பின்புறம் ஒரு தளத்தில் சமையலறையை நீட்டிக் கட்ட நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கவுன்சிலிடம் முழுத் திட்ட அனுமதி கேட்கலாம். 2015ஆம் ஆண்டின் ஆணை வீட்டுக்காரர்களுக்குப் பொதுவாகவே அளித்திருக்கும் ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ உரிமையின்படி எவரிடமும் கேட்காமல் கட்டலாம். அல்லது, அதே உரிமைக்குள்தான் கட்டப்போகிறோம் என்று கவுன்சிலிடமிருந்தே ஒரு சட்டபூர்வச் சான்றிதழை முன்கூட்டிப் பெற்றுக்கொண்டு கட்டலாம். லண்டனின் புறப்பகுதியிலுள்ள எங்கள் செமி-டிடாச்ட் (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டுக்கு நான் மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டு மாடி உயரத்துக்கு எழுப்ப வேண்டும், பக்கவாட்டையும் பின்புறத்தையும் சுற்றி வளைத்துக் கட்ட வேண்டும் என்பன போன்ற பெரிய ஆசைகள் இருப்பவர்கள் பெரும்பாலும் முழு அனுமதிக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஃபிளாட்டுகளுக்கு இந்தப் பொது உரிமை கிடையாது. அனுமதி விண்ணப்பத்தில் அயலாரின் வெளிச்சம், தெருவின் தோற்றம் எல்லாம் எடைபோடப்படும். முடிவுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு. சான்றிதழ் விண்ணப்பத்திலோ வரைபடம் விதிக்குள் அடங்குகிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காமல் போவது ஒரு காரணமாகாது. கட்டணமும் முழு அனுமதிக்கானதில் பாதிதான்.

‘அனுமதியே தேவையில்லாத வேலைக்கு எதற்கு அந்தப் பாதிக் காசும்?’ என்று எங்கள் பில்டர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஒட்டிய வீடென்றால் பின்சுவரிலிருந்து 3 மீட்டர், தனி வீடென்றால் 4 மீட்டர், உயரம் 4 மீட்டருக்கு மிகாமல் என்ற அளவுகளை எவரும் நாடாவைப் பிடித்துப் பார்த்துவிடலாம். ஆனால் எந்தப் பின்சுவரிலிருந்து அளப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். விதி சொல்வது ‘மூல வீட்டின்’ சுவரை: 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி நின்றதோ அது, அதற்குப் பின் கட்டிய வீடானால் முதலில் கட்டப்பட்டபடி. எங்களுக்கு விற்றவருக்கும் முந்தைய யாரோ ஒருவர் சமையலறையை ஏற்கெனவே ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே தள்ளியிருந்தார். நாங்கள் அந்தச் சுவரிலிருந்து 3 மீட்டர் வரைந்து அனுப்ப, அதிகாரி பழைய வரைபடத்தைக் காட்டி விளக்கம் கேட்டார். கேட்காமல் கட்டியிருந்தால் மூலச் சுவரிலிருந்து 4 மீட்டர் வந்திருக்கும், அதாவது விதிமீறல். வரைபடத்தை 2 மீட்டராகக் குறைத்துச் சான்றிதழ் பெற்றோம்.

இதைவிடப் பெரிய காரணம், வீட்டை விற்கும் நாள். வாங்குபவரின் சொலிசிட்டர் கூடுதல் கட்டடத்தைக் கண்டவுடன் கேட்கும் முதல் கேள்வி, ‘காகிதம் எங்கே?’ என்பதுதான். பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று வாயால் சொன்னால் அவர் வாடிக்கையாளருக்கு அது போதாது. கட்டி முடித்தபின் சான்றிதழ் கேட்டால் பாதிக் கட்டணம் போய் முழுக் கட்டணம் ஆகிவிடும். என் உறவினர் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டபோது, காகிதம் இல்லாததால் பின்னால் வரக்கூடிய நஷ்டத்துக்கு ஈடு தரும் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். ஆனால் அவர் அதற்கு முன்பே விவரம் கேட்டுக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கவுன்சிலைத் தொடர்புகொண்ட பின் அந்தக் காப்பீட்டைத் தர நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடும். முன்பெல்லாம் நான்கு ஆண்டு கடந்தால் கவுன்சில் கட்டடத்தின் மேல் கை வைக்க முடியாது என்பது ஓர் ஆறுதலாக இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கப்படும் கட்டடங்களுக்கு அது பத்து ஆண்டாக நீண்டுவிட்டது. பத்து ஆண்டுக்குள் வீடு மாறாத குடும்பங்கள் எத்தனை?

இடையில் இன்னொரு பாதையும் உண்டு: ஒட்டிய வீடுகளுக்கு 6 மீட்டர் வரையிலும் தனி வீடுகளுக்கு 8 மீட்டர் வரையிலும் நீட்ட விரும்புவோர் கவுன்சிலுக்கு முன்கூட்டித் தெரிவித்து, அயலாருக்கு எதிர்ப்புக் கூற வாய்ப்பளித்து, 42 நாள் காத்திருக்கும் முறை. அதை நான் முயன்றதில்லை. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களிலும் எனக்கு அனுபவமில்லை. அவ்வாறான வீடு வைத்திருப்பவர்கள் இங்கே எழுதியிருப்பதை நம்பி இறங்க வேண்டாம். கட்டட ஒழுங்குமுறைச் சோதனையும், அயலாரோடு பகிரும் பொதுச் சுவர் தொடர்பான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த மூன்று வழிகளுக்கும் அப்பாற்பட்ட தனி வேலைகள்.

சான்றிதழுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது காப்பது வரைபடத்தில் உள்ளதை மட்டுமே. எங்கள் கட்டடம் வேலிக்கு 2 மீட்டருக்குள் நிற்பதால் கூரை விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவர் பாதி எழுந்த பிறகு, ‘உட்கூரை இன்னும் ஒரு அடி உயர்ந்தால் அறை விசாலமாகத் தெரியும்’ என்று பில்டர் ஆசை காட்டினார். முத்திரையிட்ட வரைபடத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.