பழைய காரில் ஏசி விட்டு விட்டு வேலை செய்கிறதா? வேலூரில் எனக்கு 18,500 ரூபாய் போனது இப்படித்தான்

நேற்று சாயந்திரம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேலூரில் கார் ஏசி மட்டுமே பார்க்கிற கடை ஒன்றில் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, ஏசி வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி 2009 சான்ட்ரோ. இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். காலையில் கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து ஓட்டி வந்தால், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்பே வெறும் காற்றுதான் வரும். ஃபேன் ஓடும், குளிர்ச்சி இருக்காது. வீட்டில் நிறுத்தி, வண்டி ஆறின பிறகு போட்டுப் பார்த்தால் மறுபடி ஜில். கத்திரியில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அத்தைக்குச் சர்க்கரையும் பிபியும் உண்டு. குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பள்ளிகொண்டா வருவதற்குள் அவருக்குத் தலை சுற்றி, வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

போனதும் அந்த ஆள் முதலில் செய்தது, அத்தைக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, பையனை அனுப்பி மோர் வாங்கிவரச் சொன்னது. அப்புறம் பானெட்டைத் திறந்து சிவப்பு, நீல ஹோஸ்களை மாட்டினார். மீட்டர் முள்ளைக் காட்டி, "இது லோ சைடுக்கா, இது ஹை சைடு" என்று ஒரு வாத்தியார் போலப் பொறுமையாக விளக்கினார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, மத்த கடைக்குப் போயிருந்தா கேஸ் கம்மின்னு சொல்லி அடிச்சு அனுப்பியிருப்பாங்க. ரெண்டு மாசத்துல திரும்ப வந்து நிப்பீங்க. நான் அந்த வேலை பண்ண மாட்டேன். உங்க தம்பி வண்டி மாதிரி பாத்துத் தர்றேன்" என்றார். ஊரில் மற்றவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்துச் சொல்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அத்தையே, "நல்ல பையனா இருக்கான், இங்கயே குடுத்துடும்மா" என்றார்.

ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் வீக், சூடானால் ப்ரெஷர் கட்டவில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சொன்னார். புதுக் கம்ப்ரசர், ட்ரையர் (கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா), கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 18,500. ஒரு வருஷம் வாரன்டி. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் வரும்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் "ஏசி ஒர்க் 18,500" என்று எழுதிக் கொடுத்தார்.

வண்டியை மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கொடுத்தார். மொபைல் டார்ச்சை அடித்துக் காட்டினார், கம்ப்ரசர் வெள்ளியாக மின்னியது. ஏசியைப் போட்டு, "கை வச்சுப் பாருங்கக்கா, ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார். இருந்தது. ஏன் இருக்காது? ராத்திரி எட்டு மணிக்கு அந்த வண்டியில் ஏசி எப்போதுமே நன்றாகத்தான் வேலை செய்தது! விட்டு விட்டு வரும் கோளாறில் இந்த வசதி அவர்களுக்கு இருக்கிறது. கை வைக்காமலே, சரியான நேரம் பார்த்துக் கொடுத்தால் சரியாகிவிட்டதாகத் தோன்றும். நான் அங்கேயே ஜிபேயில் 18,500 அனுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானமே பழைய கதை. அதே நெரிசல், அதே வெறும் காற்று.

போன் செய்தால், "புது கம்ப்ரசர் செட் ஆகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். சரி என்று பொறுத்தேன். அப்புறம் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய் நிறுத்தினால், "கூலிங் வருதே, என்ன பிரச்சினை?" என்று கேட்டார். மத்தியானம் வந்து பாருங்கள் என்றேன். மத்தியானம் அத்தையோடு போனபோது அவர் இல்லை, பையன் மட்டும் இருந்தான், "அண்ணன் வந்தாத்தான் தெரியும்". நின்று காத்திருந்ததில் வண்டி ஆறிவிட்டது, அவர் வந்து போட்டபோது மறுபடி ஜில். "வெயில் ஜாஸ்தி மேடம், எந்த வண்டியிலயும் இப்படித்தான் இருக்கும்." பழைய கம்ப்ரசரைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அது எக்ஸ்சேஞ்சுல கம்பெனிக்குப் போயிடுச்சு". அதற்குப் பிறகு போனை எடுப்பதே நின்றுவிட்டது. 18,500 ரூபாய் வாங்கும்போது அத்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்தவர், பிறகு அவரையே காரில் உட்காரவைத்து வெயிலில் காக்க வைத்தார். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் சொல்லி, ராணிப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னக் கொட்டகை, போர்டு கூடக் கிடையாது. போனிலேயே சொல்லிவிட்டார்: "மத்தியானம் ஓட்டிக்கிட்டே வாம்மா. குளிர்ச்சி நின்னதும் நேரா இங்க வா. இன்ஜினையும் ஏசியையும் அணைக்காத."

நேற்று அப்படியே போனேன். பானெட்டைத் திறந்து, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கம்ப்ரசர் முகப்பைக் காட்டினார். வெளியே இருக்கும் புல்லி பெல்ட்டோடு எப்போதும் சுற்றும். ஏசி போட்டால், நடுவில் இருக்கும் தட்டு காந்தத்தால் "டக்" என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். அப்போதுதான் கம்ப்ரசர் ஓடும். என் வண்டியில் புல்லி சுற்றியது, தட்டு சும்மா நின்றது. டெஸ்ட் லைட்டை ஒயரில் வைத்தார், எரிந்தது. கரண்ட் வருகிறது, ரிலே, ப்ரெஷர் சுவிட்ச் எதிலும் தப்பில்லை, கிளட்ச்தான், அதாவது இந்தக் காந்தமும் தட்டும்தான், பிடிக்கவில்லை என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டு, தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டுமாம். வருஷக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. அந்தக் காந்தம் ஒரு கம்பிச் சுருள், காயில் என்பார்கள். காயில் குளிர்ந்திருந்தால் தட்டை இழுத்துவிடும். சூடானால் காயிலில் ரெசிஸ்டன்ஸ் ஏறி, கரண்ட் குறைந்து, காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும், அவ்வளவு தூரத்திலிருந்து தட்டை இழுக்க முடியாது. ஆறினால் மறுபடி பிடிக்கும். என் வண்டியின் காலை ஜில்லுக்கும் மத்தியான வெறும் காற்றுக்கும் காரணம் இதுதான். தட்டைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினார். இடைவெளி சரியானது. 600 ரூபாய் வாங்கினார்.

புதுக் கம்ப்ரசரில் இவ்வளவு தேய்மானம் எப்படி வரும் என்று கேட்டேன். பாய் பதில் சொல்லவில்லை. துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்துக் காட்டினார். வெள்ளி பெயின்ட் உரிந்து துணியில் வந்தது, அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. கம்ப்ரசரைப் பிடிக்கிற போல்ட் தலைகள் மேலும் அதே பெயின்ட், ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட கீறல் இல்லை. மாற்றியதாகச் சொன்ன ட்ரையர் ஜாயின்ட்டில் பழைய மண்ணும் அழுக்கும் கெட்டியாக ஒட்டியிருந்தன. ஒரு ஸ்ப்ரே டப்பா பெயின்ட்டுக்கு 18,500 ரூபாய்.

வேறு நம்பரிலிருந்து கடைக்குப் போன் செய்தேன். எடுத்தார். நான் பேச ஆரம்பித்ததும், "வேற எடத்துல கை வச்சுட்டீங்க இல்ல மேடம், வாரன்டி முடிஞ்சுபோச்சு" என்று வைத்துவிட்டார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போதைக்கு முக்கியமானது மட்டும். கோளாறு வந்திருக்கும் நேரத்தில் பார்க்காமல் கம்ப்ரசர் போச்சு என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நடுத்தட்டு சுற்றுகிறதா என்று பானெட்டைத் திறந்து நீங்களே பாருங்கள், கையை மட்டும் தூர வையுங்கள். ஓடும்போது ஜில், சிக்னலில் நின்றால் சூடு என்றால் கன்டென்சர் ஃபேனை (வண்டியின் முன்பக்கம் ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் ஃபேன்) பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, குறைந்தால் லீக் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடித்தால் பணம் வீண். கழற்றும் பழைய சாமானை வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை மத்தியானத்தில் ஓட்டிப் பார்த்துதான் எடுங்கள்.

என்னிடம் துண்டுச் சீட்டும் ஜிபே ரசீதும் இருக்கின்றன, பெயின்ட் உரிந்த போட்டோக்களும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லாமல் மனு கொடுக்கலாம், 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி வெள்ளி பெயின்ட் அடித்த கம்ப்ரசரோடு வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். 18,500 ரூபாயை விடப் போவதில்லை, சேர்ந்தே மனு கொடுக்கலாம்.