மல்லிகைத் தோட்டத்து வலையைக் கணினிக்குள் கட்டிப் பார்க்க: ஃபேக்எல்பியா, ஹெச்டபிள்யூசிம்மா, கூஜாவா?

திருமங்கலம் பக்கம் மாமாவின் மல்லிகைத் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்க மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்று மோட்டார் ரூமில், ஒன்று தோட்டத்து நடுவில், ஒன்று கடைசிப் பாத்தியில். ஒவ்வொன்றிலும் ஒரு ராஸ்பெர்ரி பை, அதோடு ஏடி86ஆர்எஃப்233 ரேடியோ சிப். கடைசிப் பெட்டி சொல்வது மோட்டார் ரூமுக்கு நேராக எட்டாது. நடுப்பெட்டிதான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"மாப்ள, கடைசிப் பாத்தி ஈரம் மட்டும் போன்ல வரவே மாட்டேங்குது" என்றார் மாமா. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் வரப்பில் நடந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் மதுரைக்குத் திரும்பி, அதே வலையைக் கணினிக்குள் கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். ரேடியோ இல்லாமலே ரேடியோ இருப்பதுபோல் இன்டர்ஃபேஸ் உண்டாக்கித் தர லினக்ஸில் வழி இருக்கிறது. மூன்று வழிகளை முயன்றேன். ஃபேக்எல்பி, ஹெச்டபிள்யூசிம் இரண்டும் கெர்னலில் (லினக்ஸின் உட்கருவில்) ஏற்றும் மாட்யூல்கள், அதாவது துணை நிரல்கள்; கூஜா தனியாக ஓடும் சிமுலேட்டர். மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

முதலில் ஃபேக்எல்பி. மாட்யூலை ஏற்றும்போதே எத்தனை ரேடியோ வேண்டும் என்று எண் கொடுத்தால் போதும், அத்தனை டபிள்யூபான் இன்டர்ஃபேஸ் (ரேடியோவுக்கான வலை முனை) வந்துவிடும். அவற்றின் மேல் லோபான் இன்டர்ஃபேஸை உட்கார வைத்தால் ஐபிவி6 (இணைய நெறிமுறையின் புதிய பதிப்பு) ஓடும். அந்த லோபான் ஏன் வேண்டும் என்றால், 802.15.4 என்ற தரத்தில் பேசும் இந்த ரேடியோவின் ஒரு ஃபிரேம், அதாவது ஒரே மூச்சில் அனுப்பும் துண்டு, அதிகபட்சம் 127 பைட்தான். ஐபிவி6 கேட்பதோ குறைந்தது 1280 பைட் பாக்கெட்டைச் சுமக்கும் பாதை. இடையில் நின்று தலைப்பைச் சுருக்கி, பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்புவது 6லோபான் என்ற முறை. லோபான் இன்டர்ஃபேஸ் செய்வது அதைத்தான்.

ஃபேக்எல்பியில் என் நிரல் முதல் தடவையே ஓடியது. கடைசிப் பெட்டியின் எண் மோட்டார் ரூமுக்குப் பளிச்சென்று வந்தது. எனக்குச் சந்தோஷம், ஆனால் அது பொய்ச் சந்தோஷம். ஃபேக்எல்பியில் ஒரே சேனலில் இருக்கும் எல்லா ரேடியோவும் எல்லாவற்றையும் கேட்கும். மூன்று பெட்டியையும் ஒரே மேஜையில் வைத்த மாதிரி. நடுப்பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. சேனலை மாற்றிப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் நடுப்பெட்டியால் ஒரே சமயத்தில் இரண்டு சேனல் கேட்க முடியாது, எனவே அதுவும் தோட்டம் ஆகாது. போதாததற்கு, ஏற்றும்போது கெர்னல் லாகைப் பாருங்கள்: இது பழசாகிவிட்டது, ஹெச்டபிள்யூசிம்முக்கு மாறிக்கொள் என்று அதுவே சொல்லும்.

ஹெச்டபிள்யூசிம் 2018இல் கெர்னல் 4.19இல் வந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: யார் யாரைக் கேட்கலாம் என்பதை நாமே கோடு போட்டுச் சொல்லலாம். டபிள்யூபான்-டூல்ஸ் பொட்டலத்தில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. 0க்கும் 1க்கும் கோடு, 1க்கும் 2க்கும் கோடு, 0க்கும் 2க்கும் எதுவும் கிடையாது. என் தோட்டம் அப்படியே வந்துவிட்டது.

ஆனால் இங்கே ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டேன். மாட்யூலை ஏற்றியதும் தானாக வரும் இரண்டு ரேடியோவும் ஒன்றோடொன்று இணைந்தே வரும். மூன்றாவதை நான் கட்டளை கொடுத்துச் சேர்த்தேன். பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகவில்லை. சேனல் சரி (எல்லாமே 13இல்தான் பிறக்கின்றன). மூன்றிலும் பான் ஐடி (வலையின் அடையாள எண்) ஒன்றுதான். அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே இருக்கிறது! அதைப் பார்த்து ரேடியோ சரி, முகவரியில்தான் கோளாறு என்று நினைத்து முகவரிகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், பின்னால் சேர்க்கும் ரேடியோவுக்குக் கோடே இருக்காது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் ஹெச்டபிள்யூசிம் 'அனுப்பியாச்சு' என்றுதான் கணக்கெழுதும். ஆகவே அனுப்பும் பக்கத்து எண்ணை நம்பாதீர்கள், வாங்கும் பக்கத்து எண்ணைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் என்றால் முதலில் கோட்டைச் சோதியுங்கள். கோடு ஒரு திசைக்குத்தான், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு போட வேண்டும். இது குறையல்ல, வரம். ஒன்றை மட்டும் போட்டால், ஒரு பெட்டி கேட்கும் ஆனால் அதன் பதில் எட்டாது என்ற நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாம். வயலில் அடிக்கடி நடப்பது அதுதான்.

கோட்டுக்கு எல்க்யூஐ என்று ஒரு தர எண்ணும் கொடுக்கலாம். அதைக் குறைத்தால் பாக்கெட் தொலையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வாங்குபவரிடம் காட்டப்படும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். பாக்கெட் தொலைய வேண்டுமானால் டபிள்யூபான் இன்டர்ஃபேஸ்மீது நெட்எம் (பாக்கெட்டை வேண்டுமென்றே தொலைக்க உதவும் லினக்ஸ் வசதி) போடுங்கள்.

ஃபேக்எல்பி, ஹெச்டபிள்யூசிம் இரண்டுக்கும் பொதுவான சிக்கல்களும் உண்டு. இன்டர்ஃபேஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது பான் ஐடியை மாற்றினால் 'பிஸி' என்று மறுக்கும். இறக்கிவிட்டு மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். உபுண்டுவில் மாட்யூலே இல்லை என்று வந்தால், கூடுதல் மாட்யூல் பொட்டலத்தை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனிக் கணினிபோல் பிரித்த வலை அறை) இல்லாமல் சோதிப்பது. ஒரே கணினியில் இரண்டு முகவரியும் இருந்தால், பாக்கெட் ரேடியோ பக்கமே போகாது. இரண்டும் நம்முடையதுதானே என்று கெர்னல் உள்ளுக்குள்ளேயே கொடுத்துவிடும். பிங் ஜோராகப் போகும், எதையும் சோதித்திருக்க மாட்டோம். ஒவ்வொரு ரேடியோவையும் தனி நேம்ஸ்பேஸில் வையுங்கள். டபிள்யூபானை மட்டும் நகர்த்தப் பார்த்தால் மறுக்கும். ஐடபிள்யூபான் கட்டளையால் ஃபை-யையே (இன்டர்ஃபேஸுக்கு அடியில் இருக்கும் ரேடியோவையே) நகர்த்த வேண்டும். நகர்த்தி முடித்த பிறகு உள்ளே போய் லோபானை உண்டாக்குங்கள்.

அப்படி மூன்று நேம்ஸ்பேஸில் கட்டிய பிறகுதான் கோளாறு தெரிந்தது. நடு நேம்ஸ்பேஸுக்குள் பாக்கெட் வந்தது, வெளியே போகவில்லை. ஐபிவி6 ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை அடுத்தவருக்குக் கடத்தும் அமைப்பு) 0. அதை 1 ஆக்கியதும் ஓடியது. தோட்டத்து நடுப்பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் 0. இரண்டு நாள் வரப்பு நடை இந்த ஒரு எண்ணுக்காக.

கூஜாவுக்கு வருகிறேன். இது கான்டிக்கி (சின்னச் சிப்களுக்கான இயங்குதளம்) குடும்பத்துச் சிமுலேட்டர், ஜாவாவில் ஓடுவது. இதில் ஓடுவது லினக்ஸ் கெர்னலின் வலை அடுக்கு அல்ல, கான்டிக்கியினுடையது. ஆகவே என் ஃபார்வர்டிங் பிழையை இது ஒருநாளும் காட்டியிருக்காது. ஆனால் மற்ற இரண்டும் காட்டாததைக் காட்டும். ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் எட்டும் வட்டம், இடைஞ்சல் வட்டம் என்று வரைந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதலையும் கணக்கில் எடுக்கும். ஃபேக்எல்பியிலும் ஹெச்டபிள்யூசிம்மிலும் மோதல் என்பதே கிடையாது.

அது எனக்கும் தேவைப்பட்டது. ஃபார்வர்டிங் சரியான பிறகும் கடைசிப் பாத்தியின் எண் அவ்வப்போது விட்டுப்போனது. மோட்டார் ரூமும் கடைசிப் பெட்டியும் ஒன்றையொன்று கேட்காது. இரண்டும் ஒரே நொடியில் நடுப்பெட்டியிடம் பேசினால் இரண்டு பேச்சும் கெடும். கூஜாவில் மூன்று புள்ளி வைத்தபோது அது கண்முன்னே நடந்தது. பெட்டிகள் அனுப்பும் நேரத்தைச் சில நொடிகள் தள்ளித் தள்ளி வைத்தேன்.

உங்கள் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்றால் ஹெச்டபிள்யூசிம்மில் தொடங்குங்கள், ஃபேக்எல்பி பக்கம் போகவே வேண்டாம். சின்ன சிப்பில் கான்டிக்கி ஓடினால் நேராகக் கூஜா. லினக்ஸ்காரர்களும் மோதல் சந்தேகம் வந்தால் மட்டும் கூஜாவைத் திறக்கலாம்.

பூப்பறிக்க விடியுமுன்னே தோட்டத்துக்குப் போகும் மாமா, இப்போது கடைசிப் பாத்தியின் ஈரத்தைப் போனிலேயே பார்த்துவிட்டுத்தான் மோட்டார் ரூமைத் திறக்கிறார்.