அம்பாசிடர் தட்டினாலோ இழுக்காவிட்டாலோ உடனே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகாதீர்கள்

எங்கள் வீட்டுப் பெட்ரோல் அம்பாசிடர் இன்னமும் பாயிண்ட்டில்தான் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) ஓடுகிறது. 1489 சிசி எஞ்சின். வீரவநல்லூர், அம்பை என்று சமதளத்தில் போகும்வரை டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வெளியே தெரியாது. பாபநாசம் தாண்டிக் காரையாறு மலைப்பாதை ஏறும்போது சாயம் வெளுத்துவிடும். அட்வான்ஸ் கூடியிருந்தால், அதாவது ஸ்பார்க் சீக்கிரமே விழுந்தால், மூன்றாவது கியரில் கலகலவென்று தட்டும். ரிடார்ட் ஆகி ஸ்பார்க் தாமதமானால் சத்தமே இருக்காது. ஆனால் புல்லிங் இருக்காது, பெட்ரோல் குடிக்கும், ரேடியேட்டர் கொதிக்கும். சித்திரை மாதமென்றால் பழியை வெயில்மேல் போட்டுவிட்டு நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காதால் கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகிச் சரிசெய்தார்கள். வண்டி பறந்தது. கொஞ்ச நாளில் பழையபடி இழுவை போய்விட்டது. இப்போது பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டைமிங் எங்க போச்சு? பாயிண்ட்டுல்லா தேஞ்சிருக்கு" என்றார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேமில் உரசும் பாயிண்ட்டின் ஃபைபர் துண்டு தேயத் தேய, பாயிண்ட் திறக்கும் இடைவெளியான கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் தாமதமாகும். அதனால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து முதலில் கேப் (என் வண்டிக்கு 0.35 முதல் 0.40 மி.மீ.), அப்புறம்தான் டைமிங். மாற்றிச் செய்தால் வேலை வீண். கேமில் துளி கிரீஸ் தடவாவிட்டால் புதுப் பாயிண்ட்டும் சீக்கிரமே தேயும்.

டைமிங் வைக்க ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். ஒரு வயர் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனையில், இன்னொன்று பாடியில். பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றி, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் புல்லி அடையாளத்தை டைமிங் குறியோடு சேர்க்க வேண்டும். சாவியை ஆன் செய்து, கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே முறுக்கிவிடலாம்.

இதுவும் பாதிக் கதைதான். எஞ்சின் ஓடும்போது வேகம் கூடக் கூட ஸ்பார்க் அட்வான்ஸ் ஆக வேண்டுமே. அதைப் பார்க்க, ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வேண்டும். இந்த வண்டிக்காக வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் புல்லி அடையாளம் சீராக நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளே வேகத்துக்கேற்ப அட்வான்ஸ் கொடுக்கும் வெயிட்டோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கும். ஐடிலிங்கிலேயே அடையாளம் குதித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு எந்த மன்னன் டைமிங் வைத்தாலும் நிற்காது. எஞ்சினின் உறிஞ்சலால் அட்வான்ஸ் கொடுக்கும் வேக்குவம் டயாஃப்ரமைச் சோதிக்க, பைப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும்.

பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்பவர்கள் உண்டு. தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நல்லதுதான், பாயிண்ட் தேயும் தொல்லை போகும். ஆனால் தேய்ந்த புஷ், சிக்கிய வெயிட், கிழிந்த டயாஃப்ரம் எல்லாம் அப்படியே இருக்கும். நான் மாற்றவில்லை. டேஷ்போர்டில் ஒரு பாயிண்ட் செட்டும், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரும் கிடந்தால், முண்டந்துறைக் காட்டுக்குள் நின்றாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பி வந்துவிடலாம்.