பாதிச் சம்பளம் அரசு தரும் என்று சொல்லி மாணவர்களை அனுப்பும் இடைத்தரகர்: ஓர் எச்சரிக்கை

மேற்கு மாம்பலத்தில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சிறிய கணக்கு, வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். 2024 ஜூன் முதல் செப்டம்பர் வரை எனக்கு நேர்ந்ததை, என்னைப் போன்ற சிறு அலுவலகக்காரர்களும் கல்லூரி நேரம் போக வேலை தேடும் மாணவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பணம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால், மூன்று பிள்ளைகளின் உழைப்பை என் கையைக் கொண்டே ஒருவர் சுரண்டினார் என்பதைத்தான் இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஜூன் பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கு, இடையில் ஜூலை 31 வருமான வரிக் கெடு, அதன்பின் செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கை என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மூட்டை மூட்டையாக வரும் பில்களை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற ஆள் வேண்டும். சென்னையின் கலைக் கல்லூரிகள் பலவும் இரண்டு ஷிப்டாக நடப்பதால், காலை ஷிப்டில் பி.காம். படிக்கும் மாணவர்கள் மதியத்துக்கு மேல் வேலைக்கு வரக்கூடியவர்கள். அப்படி இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர் ஓர் இடைத்தரகரை அனுப்பி வைத்தார்.

மடிப்புக் கலையாத சட்டையும் மடிக்கணினியுமாக வந்தவர், தம்மை ஒரு திறன் மேம்பாட்டு நிறுவனத்தின் இயக்குநர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். "கவர்ன்மென்ட் ஸ்கீம் மேடம். ஒன்பதாயிரம் ஸ்டைபண்ட். நீங்க பாதி போட்டா போதும், மீதி பாதி பையனோட அக்கவுண்டுக்கே நேரா வந்துடும்" என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதால்தான் நான் விழுந்தேன். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் இருக்கிறது. அதன்கீழ், நாட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. அப்போது பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதியான 4,500 ரூபாயை மத்திய அரசு ஏற்றது. ஒரு காலத்தில் பொறியியல் படித்தவர்களுக்கே என்று இருந்த திட்டம், பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். 'முடித்தவர்களுக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிறுவனத்தைப் பதிவு செய்ய 12,000 ரூபாய், மாணவர் ஒருவருக்குச் சரிபார்ப்புக் கட்டணம் 3,000 வீதம் மூவருக்கு 9,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 24,780 ரூபாயை யுபிஐ வழியாகச் செலுத்தினேன். நான்காம் நாளே அரசு முத்திரை போன்ற ஒன்றைப் பொறித்த பதிவுச் சான்றிதழ் வந்தது. அதிலிருந்த கியூஆர் குறியைக் கைபேசியில் காட்டினால் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு பக்கம் திறந்தது. அது அவருடைய சொந்த இணையதளத்தின் பக்கம் என்பதை நான் முகவரிப் பட்டையைப் பார்த்திருந்தாலே அறிந்திருப்பேன்.

ஜூலை முதல் தேதி மூன்று மாணவர்கள் வந்தார்கள். மூவருமே இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பி.காம். அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு பையன் வியாசர்பாடியிலிருந்து கல்லூரிக்குப் போய், அங்கிருந்து பேருந்து மாறி இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஏழு மணிவரை நிமிர மாட்டார். வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கணக்கில் என் மூத்த ஊழியரே தவறவிட்ட ஒரு பில்லை மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். மூவருக்கும் மாதக் கடைசியில் 4,500 வீதம் வங்கியில் போட்டேன். மீதியை அரசு போட்டிருக்கும் என்று நம்பினேன்.

செப்டம்பர் கடைசியில், தணிக்கை அறிக்கை வேலை முடியும் தறுவாயில், அந்தப் பையன் தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தார். "மேடம், அந்த மீதிப் பணம் எப்ப தருவீங்க? செமஸ்டர் ஃபீஸ் கட்டணும்" என்றார். "அது அரசாங்கம் உன் கணக்குல நேரா போடுறதுப்பா, வரலையா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "இல்ல மேடம், நீங்க பாதியைப் பிடிச்சு வெச்சு மூணு மாசம் கழிச்சு மொத்தமா தருவீங்கன்னு அந்த சார் சொன்னாரு" என்றார். மற்ற இருவரையும் அழைத்துக் கேட்டேன். அவர்களிடமும் அதே கதை; போதாக்குறைக்கு, அரசுத் திட்டத்தில் பெயர் சேர்ப்பதற்கென்று ஒவ்வொருவரிடமும் 2,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூன்று மாதமாக அந்தப் பிள்ளைகள் என்னை, பாதிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியாகவே பார்த்து வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே அந்தத் தரகருடைய எண்ணை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் சான்றிதழை எடுத்துக்கொண்டு தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, என் அலுவலகம் பதிவே ஆகவில்லை என்றார். பிறகு பொறுமையாக அவர் விளக்கியதைக் கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாட்ஸில் பட்டதாரிப் பயிற்சியாளராகச் சேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். கல்லூரி நேரம் போகப் பகுதிநேரமாக வருபவர்களுக்கு அதில் இடமில்லை. படிக்கும்போதே பயிற்சி என்பது, பயிற்சியைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே வைத்திருக்கும் படிப்புகளில் கல்லூரி வழியாக மட்டுமே வரும். இடையில் தரகருக்கு வேலையே இல்லை. மொத்த ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 விழுக்காடு வரைதான் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஒன்பது பேரில் 15 விழுக்காடு என்றால் ஒன்று புள்ளி மூன்று ஐந்து. எனக்கு மூன்று பேர் கிடைப்பார்கள் என்பதே கணக்குக்கு ஒவ்வாதது. நாளெல்லாம் விழுக்காடு போடும் எனக்கு அந்த ஒரு பெருக்கல் தோன்றவில்லை. நிறுவனத்தைப் பதிவு செய்யக் கட்டணமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியாளர், நிறுவனம் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகி, அதற்கு எண் கிடைத்தால்தான் ஒருவர் சட்டப்படி தொழிற்பழகுநர். அந்த ஒப்பந்தம் இல்லாததால் அரசுப் பங்கு வராததோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. சட்டப்படிப் பதிவான பயிற்சியாளர், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கணக்கில் ஊழியராகச் சேரமாட்டார். பதிவாகாத 'பயிற்சியாளர்' சேருவார். ஒன்பது பேரோடு இந்த மூவரும் சேர்ந்தால் பன்னிரண்டு. பத்துப் பேரை எட்டிய அலுவலகத்துக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து என்னென்ன கேள்விகள் வரும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அலுவலகம் திரும்பி, தரகர் கொடுத்த ரசீதை எடுத்தேன். ஜிஎஸ்டி எண் 33 என்று தமிழ்நாட்டுக் குறியீட்டில்தான் தொடங்கியது. ஆனால் அதன் ஆறாவது எழுத்து 'பி'. அந்த எண்ணுக்குள் அடங்கிய பான் எண்ணின் நான்காம் எழுத்து அது. தனிநபர் என்றால் 'பி', நிறுவனம் என்றால் 'சி'. ரசீதின் தலைப்பிலோ பிரைவேட் லிமிடெட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், அந்தப் பதிவே முந்தைய ஆண்டு ரத்தாகியிருந்தது. வாடிக்கையாளர் கொண்டு வரும் ஒவ்வொரு ரசீதிலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். என் சொந்தச் செலவு ரசீதை மட்டும் கோப்பில் போட்டுவிட்டு மறந்திருந்தேன்.

மூன்று மாணவர்களுக்கும் மூன்று மாதத்துக்குப் பாக்கி 40,500 ரூபாயை அந்த வாரமே கொடுத்தேன். சட்டப்படி நான் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒன்பதாயிரம் என்று நம்பித்தான் அவர்கள் வேலை செய்தார்கள். இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பணம் போய் மூன்று மாதம் ஆனபின் அதை முடக்கி வைக்க வழியில்லை என்றார்கள். அந்த எண்ணை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பயன் உண்டு. காவல் நிலையத்தில் மாணவர்களும் நானும் சேர்ந்தே புகார் எழுதிக் கொடுத்தோம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மோசடிக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420 போய், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு. மாணவர்கள் தனியாகப் போயிருந்தால் 2,500 ரூபாய்க்கு யார் அலைவது என்று விட்டிருப்பார்கள். தரகரும் அதை நம்பித்தான் அந்தத் தொகையை நிர்ணயித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படி யாராவது உங்களிடம் வந்தால், மாணவர் முதல் நாள் வேலைக்கு உட்காரும் முன்பே பதிவான ஒப்பந்தத்தின் எண்ணைக் கேளுங்கள்; தரகர் காட்டும் இணைப்பில் அல்லாமல், நீங்களே அரசின் இணையதளத்துக்குள் நுழைந்து அதைப் பாருங்கள். அதைவிட முக்கியம், தரகர் இல்லாத நேரத்தில் மாணவரை உட்கார வைத்து, "உனக்கு எவ்வளவு வரும், யார் தருவார்கள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நான் ஜூலை முதல் தேதி அதைக் கேட்டிருந்தால் மாலைக்குள் எல்லாம் வெளிப்பட்டிருக்கும்.

நவம்பரில் வேறோர் எண்ணிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அந்த அக்டோபரில்தான் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியிருந்தது. நாட்டின் முன்னணி 500 பெருநிறுவனங்களுக்கான அந்தத் திட்டத்தில், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் எங்கள் அலுவலகத்துக்கும் மாணவர்களை அனுப்பி வைப்பதாகவும், பதிவுக் கட்டணம் 15,000 மட்டுமே என்றும் அதில் எழுதியிருந்தது. நிறுவனத்தின் பெயர் புதிது. பச்சை நிற முத்திரையும் வாசகமும் பழையவை. அதை அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறேன்.