டேப்பட் கவரை மணல் அடிக்கக் கொடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

2,200 ரூபாய் போச்சு. கூடவே கவரும் போச்சு.

டேப்பட் கவருக்கு, அதாவது இன்ஜின் தலையில் இருக்கிற மூடிக்கு, வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாம், கஷ்டமில்லை. பழைய பெயிண்டை எடுக்கிறதுதான் இம்சை. வருஷக்கணக்கில் ஆயிலிலும் சூட்டிலும் வெந்து கிடக்கும், உப்புத்தாளுக்கு மசியாது. அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தேன். மணல் அடித்து (காற்றழுத்தத்தில் பொடித்துகளைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்கிறது), எட்ச் பிரைமர் (உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க அடிக்கிற முதல் பூச்சு) போட்டுத் தர 2,200, முழுசும் அட்வான்ஸ்.

கவரின் உள்பக்கம் பேஃபிள் பிளேட்னு ஒரு தகடு இருக்கும். பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியா ஆயில் வெளியே போகாமல் தடுக்கிறது அதுதான். "இதைக் கழட்டிட்டுத்தானே அடிப்பீங்க?" என்று கேட்டேன். பட்டறைக்காரர், "6 ஸ்க்ரூதானே சார், கழட்டிடுவோம். கிளாஸ் பீட்லதான் அடிப்போம், ஓட்டையெல்லாம் அடைச்சிடுவோம்." ஒவ்வொரு ஸ்க்ரூவையும் விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். அந்த எண்ணிக்கையில்தான் ஏமாந்தேன்.

கவர் வந்ததும் நியூஸ்பேப்பர் மேல் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டினால், செம்பழுப்பில் ரவை மாதிரி கொட்டுது. கிளாஸ் பீடே (உருண்டையான கண்ணாடி மணி) இல்லை, பிரவுன் அலுமினா (கூரான, கடினமான துகள்). தட்டத் தட்ட வருது. ஸ்க்ரூ தலையில் பழைய ஆயில் கறை அப்படியே இருக்கு, ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. கேஸ்கெட் (ஆயில் கசியாமல் அடைக்கிற பட்டை) உட்காரும் பள்ளத்தையும் விடவில்லை. பொரிப்பொரியா இருக்கு, நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுது. அதுக்கு மேலேயே பிரைமர் வேற.

போன் செய்தால் முதலில் "ஏர் அடிச்சுத்தான் சார் குடுத்தோம்." அடுத்த நாள் "பெட்ரோல் ஊத்திக் கழுவிக்கோங்க." அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல." கடைசியா "ஆயில் ஃபில்டர் எதுக்கு சார் இருக்கு?"

ஃபில்டர் ஆயில் பம்புக்கு அப்புறம்தான் இருக்கு! கவரில் இருந்து விழுகிற துகள் முதலில் கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) மேலேயே விழும். கீழே இறங்கினால் சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி), அங்கிருந்து பம்ப். ஸ்ட்ரெய்னர் வலையில் பொடித்துகள் நிற்காது. ஏர் அடித்தாலும் பேஃபிளுக்குள் இருக்கிற ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சூடாகி ஆயில் இளகினதும் இறங்கும். மாட்டியிருந்தால் 2,200-ஓட முடிஞ்சிருக்காது.

வீட்டிலேயே செய்வது எப்படின்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போ இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான்:

பேஃபிளை நீங்களே கழட்டிட்டுக் கொடுங்க. ரிவெட் அடிச்ச தகடா இருந்தால் மணல் அடிக்கவே கொடுக்காதீங்க, பெயிண்ட் ரிமூவரும் பித்தளை பிரஷ்ஷும் போதும். காஸ்டிக் சோடாவில் மட்டும் ஊறப்போடாதீங்க, அலுமினியத்தை அரிச்சிடும். கேஸ்கெட் பள்ளம், பிளக் ஓட்டை, ஆயில் மூடி மரை எல்லாத்துக்கும் டேப் ஒட்டிட்டுத்தான் பிரைமர். காய்ந்ததும் சுருக்கம் விழுகிற ரிங்கிள் பெயிண்ட் என்றால் கனமா 3 கோட், நடுவில் 5 நிமிஷம், ஒவ்வொரு கோட்டும் வேற வேற திசையில். மெல்லிசா அடிச்சால் சுருக்கமே விழாது. திரும்ப மாட்டும்போது போல்ட்டை ஏர் கன் வைத்து இறுக்காதீங்க, மேனுவலில் இருக்கிற டார்க் (இறுக்கும் அளவு) போதும்.

முக்கியமா பில் வாங்குங்க. என்கிட்ட இருக்கிறது ஒரு துண்டுச் சீட்டு. "கவர் 1, 2,200"னு எழுதியிருக்கு, பட்டறை பேர்கூட இல்லை.