42 டெஸ்ட்டும் பச்சை, ₹18,000 போச்சு

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ₹18,000.

ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய எங்கள் சர்வர், ஒரு சப்ளையரின் சர்வரோடு பேச வேண்டும். பிரவுசரில் அந்த முகவரி ஒழுங்காகத் திறக்கும்; நோடில் மட்டும், அந்த சர்வர் தான் யாரென்று காட்ட நீட்டும் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று எரர். ஃப்ரீலான்ஸ் ஆட்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் ஒருவரைப் பிடித்தேன். இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் செட்டிங்கைச் சரிசெய்து, அதைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டும் எழுதித் தர ₹18,000.

நான்காம் நாள் ராத்திரி ஸ்கிரீன் ஷேர் செய்தார். 42 டெஸ்ட், வரிசையாகப் பச்சை டிக். "சார், ஒண்ணுகூட ஃபெயில் ஆகலை, பாருங்க." பார்த்தேன். பச்சையைத்தான் பார்த்தேன், உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே, இடது கையால் பணத்தை ரிலீஸ் செய்தேன்.

முந்தாநாள் ஏதோ உறுத்தல். இணைப்பு டெஸ்ட்டில் சப்ளையர் முகவரியை எடுத்துவிட்டு, காலாவதியான சான்றிதழை வேண்டுமென்றே வைத்திருக்கும் பேட்எஸ்எஸ்எல் என்ற சோதனைத் தளத்தின் முகவரியைப் போட்டேன். அதுவும் பச்சை! தேடினால் ஒரே வரி: ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டு, ஃபால்ஸ். யார் எதை நீட்டினாலும் உள்ளே விடு என்று பொருள். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திருடன் யாரும் சிக்கவில்லை என்று ரிப்போர்ட்.

கேட்டால், "அது டெவலப்மென்ட்டுக்கு மட்டும் சார், நீங்களே மாத்திக்கலாம்." மாற்றினால் பழைய எரர் அப்படியே வருகிறதே? "அது அவங்க சர்வர் பிரச்சினை, ஸ்கோப்புல இல்லை." அப்புறம் நீல டிக் மட்டும். தளத்தின் சப்போர்ட்டோ, பணம் ரிலீஸ் ஆன பிறகு தலையிட முடியாதாம், வேண்டுமானால் ரேட்டிங் கொடுக்கலாமாம்.

விஷயம் இவ்வளவுதான்: சப்ளையர் சர்வர் தன் சான்றிதழை நாம் ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. பிரவுசர்கள் பெரும்பாலும் விடுபட்டதைத் தாங்களே தேடிக்கொள்ளும், நோட் தேடாது. ஒரு போன் போட்டேன், முழுச் சங்கிலியையும் ஏற்றினார்கள், முடிந்தது. இதற்கா ₹18,000?

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இன்று முடியாது. ஃபெயில் ஆக வேண்டியது ஃபெயில் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளான 1.0, 1.1-இல் தட்டிப் பாருங்கள், உங்கள் சர்வர் கதவைத் திறக்கக் கூடாது; 2021-லேயே ஒதுக்கப்பட்டவை அவை. சான்றிதழ் சரிபார்ப்பை என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே வைக்கும் செட்டிங்) அணைத்தால் நோட் வார்னிங்காவது காட்டும், கோடுக்குள் அணைத்தால் சத்தமே வராது, அதனால் தேடிப் பாருங்கள். பணத்தை மறுநாள் காலையில் ரிலீஸ் செய்யுங்கள், சாப்பிட்டு முடித்துவிட்டு.