பேட்டரி ஃபுல் என்று காட்டும் பச்சை விளக்கை நம்பி கேம்பர் டிரெய்லர் வாங்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் வண்டி) வாங்க யோசிக்கும் நம்மவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கரண்ட் இல்லாத இடங்களில் தங்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். மெல்பர்ன் புறநகரில் உள்ள ஒரு டீலர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

டிரெய்லர் விலைக்கு மேல், கரண்ட் இல்லாத இடங்களுக்கான ‘ஆஃப் கிரிட் பேக்கேஜ்’ என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். 120 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி, 250 வாட் மடக்கு சோலார் பேனல், பேனலின் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றி பேட்டரியில் ஏற்றும் எம்பிபிடி கன்ட்ரோலர். அம்மாவின் இன்சுலின் டிரெய்லரில் உள்ள ஃப்ரிட்ஜில்தான் இருக்கும் என்று சொல்லியே வாங்கினோம். வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும், கவலையே வேண்டாம் என்றார் விற்பனையாளர்.

ஜனவரி வெயிலில் மரே ஆற்றங்கரையில், கோப்ரம் பக்கம் தங்கினோம். பகல் முழுக்கப் பேனல் வெயிலில்தான் இருந்தது. சாயங்காலம் கன்ட்ரோலரில் எல்லாக் கட்டங்களும் பச்சை. விடியும் முன் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. ஊருக்குள் போய் ஐஸ் வாங்கி, மருந்தில் நேராகப் படாமல் துணி சுற்றி வைத்து அந்த நாளை ஓட்டினோம். இன்சுலின் சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. அம்மா முகத்தில் தெரிந்த பயத்துக்கு அந்த டீலர் என்ன விலை போடுவார்?

போன் செய்தால், “பச்சை காட்டியதல்லவா? அப்படியானால் பேட்டரி சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறந்திருப்பீர்கள்” என்கிறார்.

இந்தப் பதிலில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. அந்தக் கட்டங்கள் காட்டுவது வோல்டேஜை மட்டுமே. சோலார் ஏறிக்கொண்டிருக்கும்போது சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்; பாதி காலியான பேட்டரியும் அப்போது நிறைந்ததுபோலத் தெரியும். பொங்கி நிற்கும் பாலைப் பார்த்து, பாத்திரத்தில் எத்தனை லிட்டர் என்று சொல்ல முடியுமா? ஏஜிஎம் பேட்டரியை வோல்டேஜ் பார்த்து மதிப்பிட வேண்டுமானால், சார்ஜும் இல்லாமல் லோடும் (மின்சாரம் இழுக்கும் கருவிகள்) இல்லாமல் சில மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்போது 12.8 இருந்தால் நிறைவு, 12.2 ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே போனால் ஆபத்து. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும். லித்தியம் பேட்டரியில் இந்தக் கணக்கும் உதவாது. 13.3 வோல்ட்டிலிருந்து 13 வரை இறங்குவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சண்டை போட்ட பிறகு, ஷண்ட் (மைனஸ் வயரின் வழியில் வைத்து கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றை இலவசமாக மாட்டித் தந்தார்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியராக எண்ணும் கருவி, உண்மையில் நல்ல சாதனம். ஆனால் அடுத்த பயணத்தில் மானிட்டர் 90 சதவீதத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிட்ஜ் மறுபடி நின்றது.

ஷெப்பர்டனில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். பொறுமையான பெரியவர். ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் கண்முன்னேயே அளந்து காட்டினார். ஃப்ரிட்ஜின் மைனஸ் வயரை ஷண்டுக்குப் பின்னால் இணைக்காமல் நேரே பேட்டரியில் மாட்டியிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் இழுத்தது எதுவும் மானிட்டர் கணக்கில் வரவே இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையில் ஷண்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். வேறு எந்த வயராவது அங்கே இருந்தால் அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். இதைப் பார்க்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை, மூடியைத் திறந்தால் போதும்.

பிறகு பேட்டரியைத் தராசில் வைத்தார். 21 கிலோ. 120 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி 30 கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே ஈயம் குறைந்தால் கொள்ளளவும் குறையும். இரவு முழுக்க லோடு கொடுத்துப் பார்த்ததில் 65 ஆம்பியர்-மணிகூட முழுதாகத் தரவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜ் கோடையில் ஒரு நாளைக்கு 50 வரை இழுக்கிறது.

பேனலை டேப்பால் அளந்தோம், 0.66 சதுர மீட்டர். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் ஒளி விழும். கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேனல்கள் அதில் 20 முதல் 23 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். அப்படியானால் இது ஏறக்குறைய 150 வாட்டைத் தாண்டவே வழியில்லை. பின்னால் ஒட்டியிருந்த 250 என்பது வெறும் ஸ்டிக்கர்.

கன்ட்ரோலரில் எம்பிபிடி என்று அச்சிட்டிருந்தது, ஆனால் உள்ளே இருந்தது பிடபிள்யூஎம், அதாவது வோல்டேஜை மாற்றாமல் பேனலை நேரே பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் எளிய வகை. பேனலிலிருந்து 7 ஆம்பியர் வந்தது, பேட்டரிக்குப் போனதும் அதே 7. எம்பிபிடியாக இருந்தால் பேனலின் 18 வோல்ட்டை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு மாற்றும்போது ஆம்பியர் கூடியிருக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே, பேட்டரி நிறையாமல் இருக்கும்போது, கிளாம்ப் மீட்டரால் (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) இரண்டு பக்கமும் அளந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வயர் விஷயம் இன்னொன்று. இங்கே ‘6 மி.மீ. ஆட்டோ கேபிள்’ என்று விற்பது மேலுறையையும் சேர்த்த தடிமன். உள்ளே இருக்கும் செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். காரிலிருந்து டிரெய்லருக்கு 6 மீட்டர் தூரம் போய்த் திரும்ப, 20 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே ஏறக்குறைய 0.9 வோல்ட் போய்விடும். டிரெய்லரில் டிசி-டிசி சார்ஜர் (காரிலிருந்து வரும் வோல்டேஜை உயர்த்தி பேட்டரியில் ஏற்றும் கருவி) இல்லையென்றால், காரைப் பல மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி முழுதாக நிறைவது கடினம். எங்களுடையதில் இல்லை.

இவ்வளவையும் எலக்ட்ரீஷியனிடம் எழுத்தில் வாங்கினோம்: எடை, அளவு, ஆம்பியர், தேதி, கையொப்பம். டீலரோ பேட்டரிக்கு 6 மாத வாரண்டி முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும், வாங்கும்போது சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும். கடை எழுதித் தரும் வாரண்டி முடிந்தாலும் இந்த உரிமை அதோடு முடிவதில்லை. இன்சுலின் பற்றி முன்பே நாங்கள் அனுப்பியிருந்த மின்னஞ்சல் இங்கே பெரிதாகக் கைகொடுத்தது. ஆகவே தேவையை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் அனுப்புங்கள்.

முதலில் கடையில் செலவழிக்கும் வவுச்சர் தருகிறோம் என்றார்கள், மறுத்தோம். மாநில நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் பதிந்த பிறகுதான் பேக்கேஜ் பணம் திரும்பி வந்தது. எலக்ட்ரீஷியன் கூலியையும் வீணான உணவுக்கான செலவையும் தர மறுக்கிறார்கள். அதற்கு விக்டோரியா மாநிலத்தின் விகேட் (VCAT) தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம்.